ஷேவிங் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மாத்திரை!

பேச்சிலர் ரூம்களில் ஷேவிங் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை இருக்கும். பாதிப் பல் போன சீப்பு, மூடி தொலைந்த பவுடர் டப்பா, போன மாசத்து கேஸ் ரசீது... இவற்றுக்கு நடுவே பச்சைப் பசேலென்று ஒரு ஜெல் மாத்திரை அட்டை நிச்சயம் கிடக்கும். எவியான்! சாட்சாத் வைட்டமின் ஈ. சேஃப்டி பின்னால் ஒரு குத்து, கட்டைவிரலால் ஒரு பிதுக்கு, முகத்தில் ஒரு தேய்ப்பு. காலையில் எழுந்தால் அரவிந்த்சாமி ஆகிவிடலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தலையில் தேய்க்கிறவர்கள் தனிக் கட்சி. (நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். என் போட்டோவைப் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்!)

ஒரு டீ விலைக்கு ரெண்டு மாத்திரை வாங்கிவிடலாம். அவ்வளவுதான் அதன் மரியாதை. ஆனால் உலகத்தில் கொஞ்சம் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மாத்திரைதான் கால். இதை வேளை தவறாமல் விழுங்கினால் நடப்பார்கள், ஓடுவார்கள். விழுங்காவிட்டால் சில வருஷங்களில் சக்கர நாற்காலி. இந்தச் சமாச்சாரம் எனக்குத் தெரியவந்தது ஒரு லேத் பட்டறையில்.

எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் எல்.எம்.டபிள்யூ. ஆலை இருக்கிறது. ஸ்பின்னிங் மில் மெஷின் செய்கிற பெரிய ஆலை. ஆகவே சுற்றுவட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பட்டறை மேல்தான் விழ வேண்டும். எங்கள் வீதியிலும் ஓர் அண்ணன் லேத் வைத்திருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார்.

"ஏந் தம்பி, நீ பத்திரிகைல எல்லாம் எழுதறயல்ல... இந்த ஆன்டி ஆக்ஸிடன்ட்டு, ஆன்டி ஆக்ஸிடன்ட்டுங்கறாங்களே, அது நெசமாலுமே வேலை செய்யுமா, கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"அண்ணா, நான் பி.காம்.ங்ணா" என்றேன்.

"அதுனாலதான் கேக்கறேன். கணக்காச் சொல்லுவ."

விஷயம் இதுதான். அவருடைய தங்கச்சி பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்றரை வருஷமாக நடையில் ஏதோ கோளாறு. "குடிச்சவனாட்டம் தள்ளாடறான் தம்பி. கண்ண மூடிட்டு நில்லுன்னா நிக்க முடியல. எழுத்துக் கோழி கிண்டுனாப்ல ஆயிருச்சு. ஸ்கூல்ல பசங்க சிரிக்கறாங்களாம்." ஆஸ்பத்திரிக்குப் போனதில், பரம்பரையாக வருகிற நரம்புத் தேய்மானம் மாதிரி தெரிகிறது, இன்னும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ட் எடுப்பதற்குள் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, ஒரு டப்பா வரிசையையே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

பில்லைக் காட்டினார். பில் என்றால் எனக்கு உயிர். படித்த படிப்பு அப்படி! திராட்சை விதைச் சாறு, கோ-க்யூ டென், பழ ரசம் ஒரு பாட்டில், என்னவோ பெர்ரி, வைட்டமின் ஈ, அப்புறம் மஞ்சள் கேப்ஸ்யூல். மாசத்துக்கு 7,840 ரூபாய். எல்லா டப்பாவின் நெற்றியிலும் அதே பட்டை நாமம்: ஆன்டிஆக்ஸிடன்ட். கேப்ஸ்யூல் மஞ்சளுக்கு மட்டும் 1,400. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டப்பா மஞ்சள் வாங்குகிற சாதனையை நாம்தான் செய்ய முடியும்.

நான் படித்துவிட்டு வந்து அண்ணனுக்கு விளக்க ஆரம்பித்தேன். உடம்பு ஆக்ஸிஜனை வைத்துச் சாப்பாட்டை எரித்துத்தான் சக்தி எடுக்கிறது. எரிக்கும்போது பொறி தெறிக்கிற மாதிரி சில முரட்டு மூலக்கூறுகள் கிளம்பும். அவை போய்ச் செல்களின் கொழுப்புச் சுவரைக் கடிக்கும். இதற்குப் பெயர் ஆக்ஸிடேஷன்...

"துரு" என்றார் அண்ணன்.

"அதேதாங்ணா. இந்த வைட்டமின் ஈ என்ன பண்ணுதுன்னா, முன்னால போய் நின்னு அந்தக் கடிய தான் வாங்கிக்குது..."

"ஜி.ஐ. ஷீட்டாட்டம்னு சொல்லு. மேல இருக்கற துத்தநாகம் கெட்டுப்போயி உள்ள இருக்கற இரும்பக் காப்பாத்துது."

மூன்று நாள் படித்து எனக்குப் புரிந்ததை அவர் மூன்று வினாடியில் சொல்லிவிட்டார்.

மூளைக்கு இந்தத் துரு பயம் ரொம்ப அதிகம். உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தை அது ஒன்றே சாப்பிட்டுவிடும். தவிர, மூளையில் கொழுப்பு அதிகம். கொழுப்பு எவ்வளவு சுலபமாகக் கெடும் என்று தீபாவளி முறுக்கைப் பொங்கலுக்குச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே குழந்தைகளின் நரம்புகள் தேய்கிற நோய்களுக்கெல்லாம் துரு நீக்கி கொடுத்தால் என்ன என்று டாக்டர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. கொடுத்தும் பார்த்தார்கள், சளைக்காமல்.

பேட்டன் நோய் என்று ஒன்று. ஃபிரெடரிக் பேட்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1903-ல் எழுதி வைத்தது. நன்றாக இருந்த குழந்தைக்கு முதலில் கண் மங்கும், பிறகு வலிப்பு, பிறகு நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போகும். செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மஞ்சளாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. இது காறிப்போன கொழுப்புதான் என்று அன்றைக்கு நினைத்தார்கள். ஃபின்லாந்தில் இந்த வகை நோய்கள் அதிகம். அங்கே டாக்டர்கள் வைட்டமின் ஈயும் செலினியமும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். நோய் நிற்கவில்லை.

ஏன் என்று சொன்னது நியூசிலாந்து ஆடுகள்! அங்கே ஒரு ஆட்டு மந்தைக்கும் இதே மாதிரி நோய் உண்டு. 1980-களில் விஞ்ஞானிகள் அந்த ஆடுகளின் செல்களிலிருந்து மஞ்சள் அப்பலைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், அது காறிய கொழுப்பே இல்லை. பெரும்பகுதி புரோட்டீன். குப்பை வண்டி வராததால் தேங்கிப்போன குப்பை. துருவே முதல் குற்றவாளி இல்லை என்றால் துரு நீக்கி என்ன செய்யும்? இன்றைக்கு அந்த நோயில் ஒரு வகைக்கு மட்டும், குறைகிற என்சைமை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை நேராக மூளைக்குள்ளேயே ஏற்றுகிறார்கள். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த சிகிச்சை அது.

அடுத்தது, நம் பையன் விஷயத்தில் டாக்டர்கள் சந்தேகப்பட்டது. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா. 1863-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து டாக்டர் நிகோலஸ் ஃப்ரீட்ரைக் கண்டு எழுதியது. பெரும்பாலும் பத்து, பதினைந்து வயதில் ஆரம்பிக்கும். தள்ளாட்டம், குழறல், முதுகுக் கோணல். இருதயத் தசை தடிக்கும். சிலருக்குச் சர்க்கரையும் வரும். 1996-ல் இதன் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீன் செய்கிற ஃப்ரடாக்ஸின் என்ற புரோட்டீன் குறைந்தால், செல்லின் பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவில் என்ன சேர்கிறது தெரியுமா? இரும்பு!

"அப்பறம் என்ன, துருதானே!" என்று அண்ணன் துள்ளினார். உலகமே துள்ளத்தான் செய்தது. இவ்வளவு பொருத்தமான ஒரு நோய் ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்குக் கிடைத்ததே இல்லை. 1999-ல் பாரிஸ் டாக்டர்கள் இடிபெனோன் என்ற மருந்தை மூன்றே மூன்று நோயாளிகளுக்குக் கொடுத்து, தடித்த இருதயம் குறைகிறது என்று எழுதினார்கள். ஊரெல்லாம் நம்பிக்கை. 2008-ல் கனடா நிபந்தனையோடு அனுமதித்தது. அப்புறம் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்து ஒழுங்காகப் பரீட்சை நடத்தினால், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் உருப்படியான வித்தியாசம் இல்லை. 2013-ல் கனடாக் கடைகளிலிருந்து போய்விட்டது. அதே இடிபெனோனை இப்போது விலை உயர்ந்த முகக் கிரீம்களில் போட்டு விற்கிறார்கள். கடைசியில் எல்லாம் ஷேவிங் கண்ணாடிக்குத்தான் வந்து சேருகிறது!

அதே குடும்பத்து இன்னொரு மருந்து வட்டிக்வினோன். குழந்தைகளுக்காகவே பரீட்சித்தார்கள். முக்கியப் பரீட்சையில் தேறவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தர மறுத்துவிட்டது.

தேறிய ஒன்று உண்டு. ஓமாவெலாக்ஸோலோன், 2023 பிப்ரவரியில் அனுமதி பெற்றது. இது தானே துருவைத் துடைப்பதில்லை. உடம்புக்குள்ளேயே இருக்கிற துரு தடுப்பு இலாகாவின் ஸ்விட்சைப் போடுகிறது. நோயை நிறுத்தாது, மெதுவாக்கும். பதினாறு வயதும் அதற்கு மேலும்தான். விலை? வருஷத்துக்கு 3,70,000 டாலர் என்று அறிவித்தார்கள். நம்ம காசில் 3 கோடிக்கு மேல். கால்குலேட்டரை ரெண்டு தடவை தட்டிப் பார்த்தேன். சரிதான். அண்ணனிடம் இதைச் சொல்லவே வாய் வரவில்லை. சொன்னேன். லேத்தை ஆஃப் பண்ணிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இப்போதுதான் அந்தப் பச்சை மாத்திரை உள்ளே வருகிறது.

வட ஆப்பிரிக்காவில் துனிசியா என்றொரு நாடு. அங்கே ஃப்ரீட்ரைக் நோய் என்று நினைத்துச் சில குடும்பங்களின் ஜீன்களை ஆராய்ந்தார்கள். அந்த நோயின் ஜீன் 9-வது குரோமோசோமில் இருக்கிறது என்று அதற்குள் தெரியும். இந்தக் குடும்பங்களில் பார்த்தால், 1993-ல் விரல் 8-வது குரோமோசோமைக் காட்டியது. அதே தள்ளாட்டம், அதே குழறல், முழங்காலில் சுத்தியலால் தட்டினால் அதே மாதிரி கால் உதறாமை. ஆனால் நோய் வேறு! ரத்தத்தில் வைட்டமின் ஈ ஏறக்குறைய இல்லவே இல்லை. 1995-ல் ஜீனும் அகப்பட்டது. நோயின் பெயரைச் சுருக்கி 'ஏவெட்' என்கிறார்கள்.

இதைப் பார்சல் ஆபீஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நாம் தின்கிற வேர்க்கடலை, பாதாம், சூரியகாந்தி எண்ணெயிலிருந்து வைட்டமின் ஈ கல்லீரல் என்கிற குடோனுக்கு வந்துவிடும். அங்கிருந்து ரத்தத்தில் போகிற லாரியில் ஏற்றிவிட ஒரு லோடுமேன் புரோட்டீன் உண்டு. ஏவெட் குழந்தைகளுக்கு அந்த லோடுமேன் பிறவியிலேயே கிடையாது. சரக்கு வரும், ஏறாது, வீணாகும். மூளைக்கும் நரம்புக்கும் வருஷக்கணக்கில் பட்டினி. அஞ்சு வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் தள்ளாட்டம் ஆரம்பித்துவிடும்.

வைத்தியம்? லோடுமேனைத் தயார் பண்ண முடியாது. சரக்கை மலைபோலக் கொட்டினால், சாப்பாட்டுக் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு போதுமான அளவு வேறு வழியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 800 முதல் 1,500 மில்லிகிராம். குழந்தைக்கு எடை பார்த்து டாக்டர் சொல்வார். சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். ஆயுசு முழுக்க. லீவு விட்டால் சில நாளிலேயே ரத்தத்தில் அளவு சரிந்துவிடும். தள்ளாட்டம் தொடங்குமுன் கண்டுபிடித்துவிட்டால் நோய் தலைகாட்டாமலே இருக்கும். தொடங்கிய பிறகு என்றால் அங்கேயே நிற்கும். கொஞ்சம் தேறுவதும் உண்டு. ரொம்ப நாள் விட்டுவிட்டால், போனது பெரும்பாலும் போனதுதான். 1863 நோய்க்கு 3 கோடி. அதே முகஜாடையில் இருக்கிற இந்த நோய்க்கு ஒரு நாளைக்கு ஒரு மசால் தோசைக் காசுகூட ஆகாது!

ஏவெட் ரொம்ப அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தியக் குழந்தைகளிடமும் கண்டு எழுதியிருக்கிறார்கள். துனிசியாவுக்கும் நமக்கும் ஒரு பொருத்தம் வேறு இருக்கிறது. அங்கேயும் சொந்தத்தில்தான் கட்டிக்கொள்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல சர்வேயில், ரத்த சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 28 சதவீதம். இந்தியாவிலேயே முதலிடம், தேசிய சராசரி 11.

இந்த இடத்தில் என் பி.காம். கொஞ்சம் பேசட்டும். ஜீன் என்பது டபுள் என்ட்ரி. அப்பா பக்கம் ஒரு என்ட்ரி, அம்மா பக்கம் ஒரு என்ட்ரி. ஒன்று தப்பாக இருந்தால் இன்னொன்று சமாளித்துவிடும். ஆள் ஜம்மென்று இருப்பார். ரெண்டும் ஒரே இடத்தில் தப்பாக இருந்தால்தான் டேலி ஆகாது. நாம் ஊரில் கூட்டம் பார்த்து, பங்காளி முறை வராமல் ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் பெண் எடுக்கிறோம். ஆனால் அத்தை மகனும் மாமன் மகளும் வேறு வேறு கூட்டமானாலும், ஒரே தாத்தா பாட்டியின் நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் ரெண்டு பேரும் காப்பி அடித்திருக்கிறார்கள். தப்பு இருந்தால் ரெண்டு பேரிடமும் அதே தப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு பேரும் அப்படி அமைந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. எல்லோருக்கும் வராது. அதற்காகக் கல்யாணப் பத்திரிகையைக் கிழிக்க வேண்டாம்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சிய அத்தை பையனுக்குத்தானே குடுத்தோம்."

சரி, அந்த 7,840 ரூபாய்க்கு வருவோம். துட்டு போனது மட்டும் பிரச்னை இல்லை. ஏவெட்டா, ஃப்ரீட்ரைக்கா என்று பிரித்துச் சொல்கிற முதல் படி, ரத்தத்தில் வைட்டமின் ஈ அளவு பார்க்கிற ஒரு சாதாரண டெஸ்ட். செலவு ஆயிரக்கணக்கில்தான், லட்சக்கணக்கில் இல்லை. ஆனால் பையன் ஏற்கெனவே டப்பாக்களைக் காலி பண்ணிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் வைட்டமின் ஈ ஏறியிருக்கும். டெஸ்ட் 'நார்மல்' என்று பொய் சொல்லும்! எதைத் தேடுகிறோமோ அதன் கால் தடத்தை நாமே அழித்துவிடுகிறோம். 'சத்து டானிக்தானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து டப்பாவோடு போங்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும். எதை எத்தனை நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அவர்தான் சொல்ல முடியும். ஃப்ரீட்ரைக்குக்கு ஜீன் டெஸ்ட் தனி. சாதாரணமாக மொத்த ஜீனையும் படிக்கிற டெஸ்டில் அது நழுவிவிடக் கூடும் என்பதால், அதற்கென்றே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் இதற்கெல்லாம் நியூராலஜி டாக்டர்கள் இருக்கிறார்கள்; பெங்களூரு நிம்ஹான்ஸும் ஒரு ராத்திரிப் பயணம்தான்.

நடுவில் பேச்சிலர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முகத்தில் தேய்ப்பது உங்கள் இஷ்டம். 'குழந்தைக்கே அத்தனை கொடுக்கிறார்களே' என்று நீங்கள் தினமும் விழுங்க ஆரம்பிக்காதீர்கள். அமெரிக்காவில் 2001-ல் தொடங்கி, ஐம்பது தாண்டிய 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, அதாவது உங்கள் பலகையில் கிடக்கிற அதே அளவு. புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தார்கள். 2011-ல் கணக்குப் பார்த்தால், அதைச் சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல்! லோடுமேன் நன்றாக வேலை செய்கிற குடோனுக்கு எதற்கு சார் இத்தனை சரக்கு?

பையனுக்கு டப்பாக்களை நிறுத்தச் சொன்னார் டாக்டர். சொன்ன நாள்வரை காத்திருந்து, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். நானும் அண்ணனும் அந்த ரிப்போர்ட்டுக்காக லாட்டரி ரிசல்ட் மாதிரி காத்திருந்தோம். குறைவாக இருக்க வேண்டும், குறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நார்மல் என்று வந்தது. அடுத்து எடுத்த ஜீன் டெஸ்டில் ஃப்ரீட்ரைக் உறுதியானது.

"அப்ப அந்தப் பச்சை மாத்திரை இவனுக்கு இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார் பையனின் அம்மா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்த அக்கா; என்னை ஏன் 'ங்க' போட்டுக் கேட்டார் என்று தெரியவில்லை. "இல்லீங்க்கா" என்றேன். ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பையனுக்கு எக்கோ எடுத்தார்கள். இருதயச் சுவர் லேசாகத் தடிக்க ஆரம்பித்திருக்கிறது. சீக்கிரமே தெரிந்ததால் இனி ஒழுங்காகக் கவனிக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். சர்க்கரையும் முதுகெலும்பும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். முக்கியமாக பிசியோதெரபி. டப்பாக்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் இப்போது அதற்குப் போகிறது. வாரத்தில் மூன்று நாள் ஒரு தம்பி டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து, வாசலில் கோடு போட்டு நடக்க வைக்கிறார். அண்ணன் பட்டறையில் பைப் வளைத்து, பையன் பிடித்துக்கொண்டு நடக்க ரெண்டு பக்கமும் கம்பி அடித்துக் கொடுத்திருக்கிறார். ஜி.ஐ. பைப்தான்.

தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், ஏழு வயது. அவளுக்கு எப்போது டெஸ்ட் எடுப்பது, எடுக்கவே வேண்டுமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏவெட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே எடுத்திருக்கலாம். மறுநாளே மாத்திரை கொடுத்திருக்கலாம். இதில் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்கிறார் அப்பா. இருதயத்தையாவது பார்த்துக்கொள்ளலாமே என்கிறார் அம்மா. ஜெனிடிக் கவுன்சலிங் டாக்டரிடம் அடுத்த மாசம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறார்கள். அவள் அந்தக் கம்பியில் தலைகீழாகத் தொங்கி விளையாடுகிறாள் என்று அண்ணன் தினமும் சத்தம் போடுகிறார்.